பூட்டும் தமுக்கும்: கணிப்பொறியின் இழைகள் மோதாமல் ஓடும் முறை

திருச்சிராப்பள்ளியிலிருந்து தெற்கே செல்லும் ரயில் பாதை கீரனூர், புதுக்கோட்டை, திருமயம் ஆகிய ஊர்களைக் கடந்து, காரைக்குடி, மானாமதுரை வழியாக இராமேசுவரத்தை நோக்கிப் போகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊடாகச் செல்லும் இப்பாதை ஒற்றைப் பாதை. தெற்கே போகும் வண்டிக்கும் வடக்கே வரும் வண்டிக்கும் ஒரே தண்டவாளந்தான். இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்க வேண்டுமானால், ஒரு வண்டி ஏதேனும் ஒரு நிலையத்தில் கிளைப் பாதையில் ஒதுங்கி நிற்க, மற்றது கடந்து போக வேண்டும். அடுத்தடுத்த இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியைச் சொல்வது எளிது, காப்பது கடினம். ஒருவரையொருவர் பார்க்க முடியாத தொலைவில் இருக்கும் இரு நிலைய அதிகாரிகள், இடைப்பட்ட பாதை காலியாக இருப்பதை ஒரே நொடியில் தத்தம் பக்கத்திலிருந்து சரியாகவே அறிந்து, ஒரே நொடியில் தத்தம் வண்டியை அனுப்பிவிட்டால், இருவரிடமும் பொய்யோ கவனக்குறைவோ இல்லாமலேயே ஒரு மோதலுக்கு வழி ஏற்பட்டுவிடும். இருவரும் பார்த்தது உண்மை. ஆனால் பார்த்ததற்கும் செயல்பட்டதற்கும் இடையில் இருந்த சிறு இடைவெளியில் அந்த உண்மை மாறிவிட்டது.

இதே புதிர், ஒவ்வொரு கைபேசிக்குள்ளும் ஒவ்வொரு கணிப்பொறிக்குள்ளும் நொடிக்குப் பல ஆயிரம் முறை எழுகிறது. இன்றைய செயலிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருப்பதால் பல வேலைகள் மெய்யாகவே ஒரே நேரத்தில் நடக்கின்றன. அவை அனைத்தும் ஒரே நினைவகத்தைத் தொட்டு எழுதுகின்றன. அவை ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்காகக் கண்டறியப்பட்ட கருவிகளுள் இரண்டு அடிப்படையானவை: ஒன்று பூட்டு, மற்றொன்று நிபந்தனை மாறி. சி மொழியில் நிரல் எழுதக் கற்கும் மாணவர்கள் இவ்விரண்டின் கட்டளைகளையும் ஒரு நாளில் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். அவை ஏன் அவ்வாறு அமைந்தன என்பது விளங்குவதற்குத்தான் நெடுநாள் ஆகிறது. அந்தக் காரணங்களை, ரயில் பாதையையும் கண்மாயையும் துணைக்கு வைத்துக்கொண்டு படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இழை என்பது யாது?

சி மொழியில் எழுதப்பட்ட ஒரு நிரல் இயங்கத் தொடங்கும்போது, கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறும் ஒரே ஓட்டமாகத்தான் அது தொடங்குகிறது. இந்த ஓட்டத்தை ஆங்கிலத்தில் திரெட் என்பர். தமிழில் இழை எனலாம். நிரலர் விரும்பினால் ஒரே நிரலுக்குள் பல இழைகளைத் தொடங்கலாம். தான் எந்தக் கட்டளையில் நிற்கிறோம் என்ற குறிப்பும், தற்காலிகக் கணக்குகளுக்கான சிறு இடமும் ஒவ்வோர் இழைக்கும் தனியே உண்டு. நிரலின் பொது நினைவகமோ எல்லா இழைகளுக்கும் உரியது. கூட்டுக் குடும்பத்தில் ஆளுக்கொரு பாயும் தலையணையும் இருந்தாலும், அடுப்பும் அரிசிக் குதிரும் அனைவருக்கும் பொதுவாக இருப்பதை இதற்கு ஒப்பிடலாம். பொதுவாக இருப்பதே இழைகளின் பலம், ஏனெனில் ஓர் இழை கணித்ததை மற்றோர் இழை உடனே எடுத்துக்கொள்ள முடிகிறது. அவற்றின் இடர்ப்பாடுகளுக்கும் அதுவே காரணம்.

1972ஆம் ஆண்டளவில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கியபோது அதில் இழைகளுக்கு இடமே இல்லை. பல்வேறு நிறுவனங்கள் தத்தம் போக்கில் இழைகளை அமைத்து வந்த நிலையில், 1995ஆம் ஆண்டில் போசிக்ஸ் தரநிலை, பித்ரெட் எனச் சுருக்கமாக வழங்கும் பொதுவான கட்டளைத் தொகுதி ஒன்றை வகுத்தது. மொழிக்கு வெளியே ஒரு நூலகமாக மட்டும் இழைகளைச் சேர்ப்பது போதாது, மொழியின் இலக்கணமே அவற்றை அறிந்திருக்க வேண்டும் என்று ஹான்ஸ் போம் என்னும் அறிஞர் 2005ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையில் நிறுவிக் காட்டினார். 2011ஆம் ஆண்டில் வெளிவந்த சி மொழித் தரநிலை இழைகளையும் பூட்டுகளையும் நிபந்தனை மாறிகளையும் மொழியின் உறுப்புகளாகவே ஏற்றுக்கொண்டது.

இருபது லட்சம் இருபது லட்சம் ஆகாத கணக்கு

பொது நினைவகத்தில் நேரும் மோதலைக் கண்ணால் காண ஓர் எளிய சோதனை போதும். சுழியத்தில் தொடங்கும் ஓர் எண் பொது நினைவகத்தில் இருக்கிறது. இரண்டு இழைகள் தொடங்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டும் வேலையைப் பத்து லட்சம் முறை செய்ய வேண்டும். இரண்டும் முடிந்தபின் எண் இருபது லட்சமாக இருக்க வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயம் இராது. ஆயினும், இருபது வரிகளுக்குள் அடங்கிவிடும் இந்த நிரலைப் பல கருக்கள் கொண்ட கணிப்பொறியில் இயக்கினால், பெரும்பாலும் இருபது லட்சத்துக்குக் குறைவான எண்ணே கிடைக்கிறது. மீண்டும் இயக்கினால் அதுவும் மாறி வேறோர் எண் வருகிறது.

காரணம், ஒன்றைக் கூட்டு என்ற ஒரே வரி செயலிக்கு ஒரே வேலை அன்று. எண்ணை நினைவகத்திலிருந்து எடுத்தல், எடுத்த எண்ணோடு ஒன்றைச் சேர்த்தல், கிடைத்ததை மீண்டும் நினைவகத்தில் எழுதுதல் என அது பொதுவாக மூன்று படிகளாக நடைபெறுகிறது. ஊர்ப் பொதுநிதிக்கு ஒரே பேரேடும் இரண்டு கணக்கர்களும் இருப்பதாகக் கொள்ளலாம். பேரேட்டில் 41 ரூபாய் என்று இருப்பதை முதல் கணக்கர் பார்க்கிறார். அவர் மனக்கணக்காக ஒன்றைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டாமவரும் அதே 41ஐப் பார்த்துவிடுகிறார். முதலாமவர் 42 என்று எழுத, இரண்டாமவரும் 42 என்றே எழுதுகிறார். வந்தது இரண்டு ரூபாய், ஏறியது ஒன்று. முடிவு யார் எப்போது முந்தினார் என்பதைப் பொறுத்தே அமைவதால் இந்நிலைக்கு ஆங்கிலத்தில் ரேஸ் கண்டிஷன் என்று பெயர். தமிழில் முந்துநிலை எனலாம்.

இவ்வாறு எவ்வளவு தொலைந்துபோக முடியும் என்று ஆராய்ந்தால் வியப்பூட்டும் விடை கிடைக்கிறது. கொள்கையளவில், இறுதி எண் வெறும் இரண்டாகக்கூட முடியலாம். முதல் இழை சுழியத்தை எடுத்துக்கொண்டு, எழுதுவதற்கு முன் தடைப்பட்டு நிற்கிறது எனக் கொள்வோம். அதற்குள் இரண்டாம் இழை தன் வேலையில் கடைசி முறை ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் முடித்துவிடுகிறது. இப்போது முதல் இழை விழித்து, தான் முன்பு எடுத்த சுழியத்தோடு ஒன்றைக் கூட்டி, ஒன்று என்று எழுதுகிறது. இரண்டாம் இழையின் உழைப்பு முழுவதும் அழிந்தது. தன் கடைசி முறைக்காக இரண்டாம் இழை அந்த ஒன்றை எடுத்துக்கொண்டு இம்முறை தான் தடைப்பட்டு நிற்க, முதல் இழை தன் எஞ்சிய வேலை அனைத்தையும் முடித்துவிடுகிறது. இறுதியில் இரண்டாம் இழை, கையிலுள்ள ஒன்றோடு ஒன்றைக் கூட்டி இரண்டு என்று எழுதி வேலையை முடிக்கிறது. இருபது லட்சம் கூட்டல்களுக்குப் பின் எஞ்சியது இரண்டு.

இச்சோதனையில் கவனிக்கத்தக்க செய்தி இன்னொன்றும் உண்டு. நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பி, வேகத்துக்காகச் சுருக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டால், பத்து லட்சம் முறை ஒன்றைக் கூட்டுவதற்குப் பதிலாகப் பத்து லட்சத்தை ஒரே முறை கூட்டிவிடக்கூடும். அப்போது விடை ஏறக்குறைய எப்போதும் சரியாகவே வரும். ஆனால் பிழை எங்கும் போய்விடவில்லை, அது வெளிப்படுவதற்கான வாய்ப்புத்தான் மிகச் சிறியதாகிவிட்டது. சரியான விடை வருவதைச் சரியான நிரலுக்குச் சான்றாகக் கொள்ள முடியாது என்பதால்தான், காப்பு ஏதுமின்றிப் பொது நினைவகத்தில் ஒரே நேரத்தில் எழுதும் நிரல் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை என்று சி மொழித் தரநிலை வெளிப்படையாகவே கூறுகிறது.

எஃகுப் பந்து கற்பிக்கும் பாடம்

ரயில் பாதையின் புதிருக்கு இருப்புப் பாதைப் பொறியாளர்கள் கண்ட விடை, கணிப்பொறியின் பூட்டைப் புரிந்துகொள்ள மிகப் பொருத்தமானது. இந்தியாவின் ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலம் பயன்பட்டது, நீல் என்பவரின் பெயரால் வழங்கும் பந்து டோக்கன் கருவி. அடுத்தடுத்த இரு நிலையங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு கருவி இருக்கும். அதனுள் எஃகுப் பந்துகள் இருக்கும். இரு கருவிகளும் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். மறுமுனையில் உள்ள அதிகாரி இசைந்து தன் கருவியை இயக்கினாலன்றிப் பந்து வெளியே வராது. ஒரு பந்து வெளியே வந்துவிட்டாலோ, அது ஏதேனும் ஒரு முனையில் மீண்டும் உள்ளே போடப்படும்வரை, இரு கருவிகளில் எதிலிருந்தும் இன்னொரு பந்தை எடுக்க முடியாது. வெளிவந்த பந்து தோல் பையில் இடப்பட்டு, பெரிய வளையம் ஒன்றில் கோக்கப்பட்டு, ஓட்டுநரிடம் கொடுக்கப்படும். பந்து கைக்கு வராமல் அவர் அந்தப் பகுதிக்குள் வண்டியைச் செலுத்தக் கூடாது.

கணிப்பொறியில் இப்பந்தின் வேலையைச் செய்வது மியூட்டெக்ஸ் எனப்படும் பூட்டு. பொது நினைவகத்தைத் தொடும் கட்டளைகள் அடங்கிய பகுதியை ஒருவர்புகு பகுதி என்று அழைக்கலாம். அதனுள் நுழையுமுன் இழை பூட்டைக் கைக்கொள்ள வேண்டும். வெளியேறும்போது விட்டுவிட வேண்டும். ஓர் இழை பூட்டை வைத்திருக்கும்போது வேறோர் இழை அதைக் கேட்டால், இயக்க முறைமை அதை உறங்கச் செய்து, பூட்டு விடுபட்டபின் எழுப்பும். மேற்கண்ட சோதனையில், கூட்டல் வரிக்கு முன்னும் பின்னும் பூட்டும் கட்டளையையும் திறக்கும் கட்டளையையும் சேர்த்துவிட்டால், எத்தனை முறை இயக்கினாலும் விடை இருபது லட்சமே.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. பூட்டும் நினைவகத்தில் உள்ள ஒரு சிறு குறிதான். அது திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வதற்குள் இன்னோர் இழையும் பார்த்துவிட்டால், பழைய புதிரே திரும்பி வராதா? இந்த ஐயந்தான் 1960களில் கணிப்பொறி அறிஞர்களை ஆட்கொண்டிருந்தது. இரண்டு ஓட்டங்களுக்குரிய சரியான விடையை டச்சுக் கணிதவியலர் டெக்கர் கண்டார். எத்தனை ஓட்டங்கள் இருந்தாலும் பொருந்தும் விடையை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்வந்த செயலிகளோ, ஓரிடத்தில் உள்ள மதிப்பைப் பார்ப்பதையும் மாற்றுவதையும் இடையில் வேறெவரும் நுழைய முடியாத ஒரே செயலாகச் செய்யும் தனிக் கட்டளைகளைக் கொண்டிருக்கின்றன. பந்துக் கருவியில் மின்கம்பி செய்யும் பிணைப்பைச் செயலிக்குள் இக்கட்டளைகள் செய்கின்றன. ரயிலுக்கும் இத்துறைக்கும் உள்ள உறவு உவமையோடு நின்றுவிடவில்லை. டைக்ஸ்ட்ரா தாம் உருவாக்கிய ஒருங்கிணைப்புக் கருவிக்கு இட்ட பெயர் செமஃபோர். நம் ஊர் ரயில் நிலையங்களில் கைகாட்டி என்று வழங்கிய சைகை மரத்தின் பெயர்தான் அது.

பந்துக்கும் பூட்டுக்கும் உள்ள மற்றோர் ஒற்றுமை நிரலர்கள் பலர் மறந்துவிடுவது. பந்து இல்லாத வண்டியைத் தண்டவாளம் தடுத்து நிறுத்தாது. ஓட்டுநர் விதியை மதிப்பதால்தான் வண்டி நிற்கிறது. சி மொழியிலும் பூட்டு பொது நினைவகத்தைச் சுற்றி எழுப்பிய மதில் அன்று. பத்து இழைகள் பூட்டைக் கேட்டுவிட்டு நுழைய, பதினோராவது இழை கேட்காமலே நுழைந்து எழுதினால், அதைத் தடுப்பார் இல்லை. பத்து இழைகளின் ஒழுங்கும் அந்த ஓர் இழையால் வீணாகும்.

கண்மாயும் காத்திருப்பும்

பூட்டு மோதலைத் தடுக்கிறது. ஆனால் இழைகளுக்கு வேறொரு தேவையும் உண்டு. ஓர் இழை ஒன்றைச் செய்து முடிக்கும்வரை மற்றோர் இழை காத்திருக்க வேண்டிய சூழல்கள் ஏராளம். இணையத்திலிருந்து வரும் படத்தை ஓர் இழை வாங்கி வைக்க, இன்னோர் இழை அதை எடுத்துத் திரையில் காட்டுகிறது. இடையில் உள்ள இடம் அளவுக்கு உட்பட்டது. நிரம்பிவிட்டால் வாங்கும் இழை காத்திருக்க வேண்டும், வறண்டுவிட்டால் காட்டும் இழை காத்திருக்க வேண்டும். கணிப்பொறி நூல்கள் ஆக்குவோர், நுகர்வோர் சிக்கல் என்று கூறும் இந்த அமைப்பைப் புதுக்கோட்டை மாவட்டத்து மக்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் உள்ள மாவட்டம் இது. வரத்துக்கால் தண்ணீரைக் கொண்டுவருகிறது, கண்மாய் தேக்கிவைக்கிறது, மடை ஆயக்கட்டு வயல்களுக்குத் திறந்துவிடுகிறது, மிகுதி கலிங்கின் வழியே வழிகிறது. மடையில் தண்ணீரை அளவாக விடுவதற்காகக் கண்மாயின் உட்புறம் நடப்பட்ட கல்தூண்களுக்கிடையே குமிழி அமைத்து, துளையை அடைக்கும் அடைப்பானை மேலிருந்து தூக்கியும் இறக்கியும் வந்தனர். அத்தகைய குமிழிகளை அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்களைச் சொல்லும் பழங்கல்வெட்டுகள் இம்மாவட்டத்தில் கிடைத்துள்ளன. யாருடைய வயலுக்கு எப்போது நீர் என்பதை முறைவைத்துப் பாய்ச்சுபவர் நீர்பாய்ச்சி.

மடைப் பேச்சை நீர்பாய்ச்சியோடு பேசுவதற்கு ஒரு நேரத்தில் ஒருவரே போக வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு என்று வைத்துக்கொள்வோம், அது பூட்டு. ஒரு விவசாயி உள்ளே போய்ப் பார்க்கிறார். கண்மாயில் தண்ணீர் மடைமட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அவர் இனி என்ன செய்வது? அங்கேயே நின்றால் வேறெவரும் வர முடியாது. வரத்துக்காலைத் திருப்பிவிடுவதைப் பற்றிப் பேச வேண்டியவரும் வர முடியாது. தண்ணீர் ஒருநாளும் ஏறாது. வெளியே வந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் போய்ப் பார்த்தால் வேறு வேலை நடக்காது. கணிப்பொறியில் பின்னதைச் சுழன்று காத்தல் எனலாம். உறங்க வேண்டிய இழை ஓயாமல் சுழன்று மின்சாரத்தையும் செயலியின் நேரத்தையும் வீணாக்குகிறது.

சரியான வழி, வெளியே வந்து உறங்கிவிட்டு, தண்ணீர் ஏறியதும் எழுப்பச் சொல்வது. ஆனால் இதிலும் ஒரு நுண்ணிய ஓட்டை இருக்கிறது. தண்ணீர் இல்லை என்று பார்த்த விவசாயி, மடையை விட்டு வெளியேறி, வீடு சேர்ந்து, பாயில் படுப்பதற்குள் தண்ணீர் ஏறிவிட, நீர்பாய்ச்சி உறங்குவோரை எழுப்பக் குரல் கொடுக்கிறார். அந்நேரம் அவர் இன்னும் உறங்குவோர் பட்டியலில் இல்லை. குரல் யாரையும் எழுப்பாமல் காற்றில் போகிறது. பின்பு அவர் படுக்கிறார். இனி அவரை எழுப்புவார் இல்லை. கண்மாய் நிறைந்து கிடக்க, வயல் காய்கிறது. இதனை இழந்த விழிப்பு எனலாம்.

நிபந்தனை மாறி என்பது இந்த ஓட்டையை அடைப்பதற்கென்றே பிறந்த கருவி. இதனைக் காத்திருப்போர் பட்டியல் என்று எண்ணிக்கொள்வதே தெளிவு. பெயரில் மாறி என்று இருந்தாலும் இதில் எந்த மதிப்பும் சேமிக்கப்படுவதில்லை. காத்திரு என்ற கட்டளை, பட்டியலில் இழையின் பெயரைச் சேர்ப்பதையும், பூட்டை விடுவதையும், இடையில் எவரும் நுழைய முடியாத ஒரே செயலாகச் செய்கிறது. விவசாயி மடையை விட்டு வெளியேறும் கணமே பட்டியலில் ஏறும் கணமாகவும் இருப்பதால், தண்ணீரை ஏற்றுபவர் மடைக்குள் நுழைவதற்கு முன்பே பெயர் பதிவாகியிருக்கும், குரல் தவறாது. பித்ரெட் நூலகத்தின் காத்திருப்புக் கட்டளை நிபந்தனை மாறியோடு பூட்டையும் சேர்த்துக் கேட்பது ஏன் என்று மாணவர்கள் திகைப்பதுண்டு. விடுவதையும் உறங்குவதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்வதற்கு, எந்தப் பூட்டை விட வேண்டும் என்பது அதற்குத் தெரிந்தாக வேண்டும். விழித்தபின் அதே பூட்டை மீண்டும் கைக்கொண்டுதான் அக்கட்டளை திரும்பி வருகிறது.

விழித்தபின் மீண்டும் பார்க்க வேண்டும்

எழுப்புவதற்கு இரண்டு கட்டளைகள் உள்ளன. ஒன்று, காத்திருப்போரில் ஒருவரை எழுப்பக் குரல் கொடுப்பது. மற்றொன்று, ஊர் முழுவதற்கும் தமுக்கடித்து அனைவரையும் எழுப்புவது. ஒரு வயலுக்கு மட்டும் போதுமான தண்ணீர் வந்திருக்கையில், காத்திருப்போர் எல்லாரும் ஒரே தேவைக்காகக் காத்திருந்தால், குரல் போதும். காத்திருப்போரின் தேவைகள் வெவ்வேறாக இருந்தாலோ, ஒரே நேரத்தில் பலருடைய நிபந்தனை நிறைவேறியிருந்தாலோ, தமுக்கு வேண்டும். தேவையில்லாமல் தமுக்கடித்தால் நூறு இழைகள் விழித்து ஒரே பூட்டுக்கு முண்டியடித்து, தொண்ணூற்றொன்பது மீண்டும் உறங்கப் போகும். அது வீண் செலவு, ஆனால் தவறு அன்று. தமுக்கு வேண்டிய இடத்தில் குரல் மட்டும் கொடுப்பதோ தவறு. பயனில்லாத ஒருவர் விழித்து, பயனுள்ளவர் உறங்கியே கிடப்பார்.

விழித்த இழை அடுத்துச் செய்ய வேண்டியது யாது என்ற கேள்விக்கு வரலாற்றில் இரண்டு விடைகள் உண்டு. பெர் பிரிஞ்ச் ஹான்சனும் டோனி ஹோரும் 1970களின் முற்பகுதியில், பூட்டையும் காத்திருப்பையும் ஒன்றாகப் பிணைக்கும் மானிட்டர் என்ற அமைப்பை உருவாக்கினர். 1974ஆம் ஆண்டில் ஹோர் வெளியிட்ட வடிவத்தில், எழுப்புபவர் பூட்டை நேரடியாக விழித்தவர் கையில் கொடுத்துவிடுவார். இடையில் எவரும் புக முடியாது. ஆகவே விழித்தவர் நிபந்தனை நிறைவேறியிருக்கிறது என்று நம்பி நேரே வேலையைத் தொடங்கலாம். கருத்தளவில் அழகான இந்த ஏற்பாடு நடைமுறையில் சுமையாக இருந்தது. செராக்ஸ் நிறுவனத்தில் மெசா என்ற மொழியைக் கொண்டு பெரிய இயக்க முறைமை ஒன்றைக் கட்டிய பட்லர் லாம்ப்சனும் டேவிட் ரெடெலும் 1980ஆம் ஆண்டில் தங்கள் பட்டறிவை எழுதினர். அவர்களுடைய ஏற்பாட்டில் எழுப்புதல் என்பது ஒரு குறிப்பு மட்டுமே. நிபந்தனை நிறைவேறியிருக்கலாம், வந்து பார்த்துக்கொள் என்பதே அதன் பொருள்.

சி மொழியின் நிபந்தனை மாறிகள் இந்த இரண்டாம் வழியைச் சேர்ந்தவை. எழுப்பப்பட்ட விவசாயி மடைக்கு வந்து சேர்வதற்குள், அப்போதுதான் வழியில் வந்த வேறொருவர் முந்திக்கொண்டு தண்ணீரைத் திருப்பியிருக்கலாம். இதைவிட வியப்பானது, யாரும் எழுப்பாமலேயே இழை விழித்துக்கொள்ளவும் கூடும் என்று போசிக்ஸ் தரநிலை வெளிப்படையாக இடமளிப்பது. இதனைப் பொய்விழிப்பு எனலாம். ஆகையால் நிபந்தனையை ஒருமுறை மட்டும் பார்க்கும் இஃப் என்ற கட்டளையோடு காத்திருப்பை எழுதுவது பிழை. நிபந்தனை நிறைவேறும்வரை திரும்பத் திரும்பப் பார்க்கும் வொயில் என்ற சுழற்சிக்குள்தான் எழுத வேண்டும். பார், இல்லையென்றால் உறங்கு, எழுந்ததும் மீண்டும் பார். தண்ணீர் இருப்பது கண்மாயிலே, தமுக்கிலே அன்று. கண்மாயைப் பூட்டின் காவலில் நேரில் பார்த்தபின் எடுக்கும் முடிவு மட்டுமே நம்பத்தக்கது என்பதே இத்துறையின் சாரம்.

பிழைகள் கண்டறியப்பட்ட வரலாறு

முந்துநிலைப் பிழைகள் ஆயிரம் முறை ஒளிந்திருந்து ஒருமுறை வெளிப்படுபவை என்பதால், அவற்றைக் கண்டறிந்த வரலாறே தனிப் பாடமாக இருக்கிறது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களுள் சிலர் அதனாலேயே உயிரிழந்தனர். அதன் நிரல் சி மொழியில் எழுதப்பட்டதன்று. ஆயினும் அதில் இருந்தது இங்கே விவரிக்கப்பட்ட அதே நோய். டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் மருத்துவமனை இயற்பியலர் ஃப்ரிட்ஸ் ஹேகரும் கருவியை இயக்கியவரும் சேர்ந்து திரும்பத் திரும்ப முயன்றதில் ஓர் உண்மை புலப்பட்டது. தவறாக உள்ளிட்ட சிகிச்சை வகையை எட்டு நொடிகளுக்குள் விரைந்து திருத்தினால் மட்டுமே பிழை தோன்றியது. கருவியின் காந்தங்களை அமைக்க அந்த எட்டு நொடிகளை எடுத்துக்கொண்ட நிரல் பகுதி, இடையில் நேர்ந்த திருத்தத்தைப் பார்க்கவே இல்லை. பழகப் பழக இயக்குபவரின் விரல்கள் வேகம் பெற்றதே பிழையை வெளிக்கொணர்ந்தது. முந்தைய மாதிரியான தெராக்-20இலும் இதே நிரல் குறை இருந்தது பின்னர் தெரியவந்தது. ஆனால் அதில் நிரலைச் சாராத தனிப் பாதுகாப்புப் பொறி இருந்தமையால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. ரயில் நிலையங்களின் பந்துக் கருவியைப் போன்ற அந்தப் பொறியைப் புதிய மாதிரியில் நீக்கி, காவல் முழுவதையும் நிரலிடம் ஒப்படைத்தனர்.

பூட்டு இருந்தாலே போதும் என்பதும் சரியன்று. இரண்டு பூட்டுகள் தேவைப்படும் இரு இழைகளில், ஒன்று முதல் பூட்டை வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கேட்க, மற்றது இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதைக் கேட்டால், இரண்டும் என்றென்றைக்கும் நிற்கும். இது முட்டுக்கட்டை நிலை. எல்லா இழைகளும் பூட்டுகளை ஒரே வரிசையில்தான் எடுக்க வேண்டும் என்ற விதி ஒன்றே இதைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். 1997ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தில் வேறொரு வகைச் சிக்கல் எழுந்தது. வானிலைத் தகவல் திரட்டும் முதன்மை குறைந்த பணி ஒரு பூட்டை வைத்திருந்தது. அதே பூட்டுக்காக முதன்மை மிகுந்த பணி காத்திருந்தது. இடைநிலைப் பணிகளோ குறுக்கே புகுந்து, பூட்டை வைத்திருந்த பணியை ஓடவிடாமல் செய்தன. முக்கியப் பணி குறித்த நேரத்தில் முடியாததைக் கண்ட காவல் அமைப்பு, கணிப்பொறியை மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. புவியில் இருந்த நகல் கணிப்பொறியில் பொறியாளர்கள் அதே நிலையை மீண்டும் உண்டாக்கிக் காரணத்தைக் கண்டறிந்தனர். பூட்டை வைத்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் முதன்மையைத் தற்காலிகமாக வழங்கும் ஏற்பாட்டைத் தொலைவிலிருந்தே இயக்கிவிட்டதும் சிக்கல் தீர்ந்தது.

இவ்விரண்டு நிகழ்வுகளிலும் பிழை வெளிவந்தது அதே நிலையை மீண்டும் உண்டாக்கிப் பார்த்ததால்தான், ஊகத்தால் அன்று. அந்த வாய்ப்பு ஒவ்வொரு மாணவருக்கும் உண்டு. புதுக்கோட்டையின் கல்லூரிகளில் சி மொழி பயில்வோரும், வீட்டில் ஒரு சாதாரணக் கணிப்பொறி வைத்திருப்போரும், பத்து லட்சம் முறை ஒன்றைக் கூட்டும் இரு இழைகளின் சிறு நிரலை எழுதி, பூட்டின்றிப் பலமுறையும் பூட்டோடு பலமுறையும் இயக்கி, வரும் எண்களைத் தாளில் குறித்துவைக்க வேண்டும். பிறகு அதே இழைகளுக்கிடையே ஒரு சிறு கண்மாயைக் கட்டி, ஒன்று நிரப்ப மற்றொன்று எடுக்க, காத்திருப்பை முதலில் இஃப் கட்டளையோடும் பின்னர் வொயில் சுழற்சியோடும் எழுதிப் பார்க்க வேண்டும். முதல் வடிவம் நாள் முழுவதும் பிழையின்றி ஓடினாலும் அதை நம்பிவிடக் கூடாது. மருத்துவமனையிலும் மின்வலையத்திலும் ரயில் சைகையிலும் பிறருடைய உயிர், நிரலர் எழுதும் அந்த ஒரு சொல்லை நம்பி இருக்கிறது.